ராமின் பெட்டியும் ஜானுவின் பயணமும்

(மயிலாப்பூரில் திரைப்பட ரசிகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வட்டாரத்தின் பழைய மனிதர்களைக் கேட்டால் லஸ் முனையில் காமதேனு தியேட்டர் இருந்த காலத்தைச் சொல்வார்கள். தி.நகர்க்காரர்கள் ராஜகுமாரி, நாகேஷ் என்று அடுக்குவார்கள். காமதேனுவும் நாகேஷும் பிற்பாடு கல்யாண மண்டபங்கள் ஆகிவிட்டன. காதல் தோல்விப் படம் பார்த்து ஜனங்கள் மூக்கைச் சிந்திய அதே கூரையின் கீழ் கெட்டிமேளம் கொட்டியது. நம் வீடுகளிலும் காதல் தோல்விக்கு இதே வைத்தியம்தான். பெண்ணுக்கு ஒரு காதல் இருந்தது தெரிந்தால், தெரிந்த மறுமாதமே மண்டபம் பார்த்துவிடுவோம். (சிரிப்பு)

சிரித்துவிட்டீர்கள். ஆனால் நான் பேச வந்ததே அந்த மறுமாதத்தைப் பற்றித்தான். காதல் முறிந்த மறுநாள் காலை பல் துலக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், ரேஷன் கார்டைப் புதுப்பிக்க வேண்டும். அந்த நாள்களை ஒருவர் எப்படிக் கடக்கிறார்? தமிழ் சினிமா காதல் வருவதைக் காட்டியிருக்கிறது, முறிவதைக் காட்டியிருக்கிறது, முறிந்தபின் செத்துப்போவதைக் காட்டியிருக்கிறது. கடந்து வருவதைக் காட்டுவது அபூர்வம். அப்படிக் காட்டிய ஒரு படத்தை நடுவில் வைத்துப் பேசப் போகிறேன். 2018 அக்டோபர் 4 அன்று வெளியான ‘96’. அந்தப் படத்தில் நாம் கைதட்டவேண்டிய ஆளை விட்டுவிட்டு வேறு ஆளுக்குக் கைதட்டினோம் என்பது என் வழக்கு. வழக்கென்றால் சாட்சிகள் வேண்டும் இல்லையா? கொஞ்சம் பின்னால் போய்க் கூட்டி வருகிறேன்.

முதல் சாட்சி சினிமாவுக்கு இரண்டாயிரம் வருஷம் மூத்தது. மடலேறுதல் என்று நம் பழைய இலக்கியத்தில் ஒரு வழக்கம் வருகிறது. காதல் கைகூடாத ஆண் பனைமடலால் குதிரை செய்வான். உடம்பில் சாம்பலைப் பூசிக்கொள்வான். எருக்கம்பூ மாலை போட்டுக்கொள்வான். காதலியின் படத்தைக் கையில் ஏந்தி, ஊர் பார்க்கத் தெருவில் ஊர்வலம் வருவான். ஊர் கூடும், பெண் வீட்டுக்கு நெருக்கடி வரும். இன்றைய மொழியில் சொன்னால், ஸ்டேட்டஸ் போட்டுவிட்டான். பெண்ணுக்கு இந்த உரிமை கிடையாது. காமம் கடலளவு பெருகி வருத்தினாலும் மடலேறாமல் அடங்கி நிற்பதுதான் பெண்ணின் பெருமை என்கிறார் திருவள்ளுவர். இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் அவருக்குக் கோயில் இருக்கிறது, அவரோடு நான் சண்டைக்குப் போகவில்லை. தன் காலத்து விதியை அவர் எழுதிவைத்தார். பிற்பாடு திருமங்கையாழ்வார் வந்தார். பெண்ணாகத் தன்னைப் பாவித்துக்கொண்டு, தென்னாட்டு வழக்கம் எப்படியிருந்தால் எனக்கென்ன, நான் ஏறியே தீருவேன் என்று பெரிய திருமடலில் பாடினார். அதற்கும் ஒரு ஆழ்வாரின் குரலும் திருமாலின் பெயரும் தேவைப்பட்டன. சாதாரண வீட்டுப் பெண் தன் வலியைத் தெருவுக்குக் கொண்டுவர அப்போதும் வழியில்லை.

சினிமா வந்ததும் பனைமடலுக்குப் பதில் தாடி வந்தது. சால்வை வந்தது, பாட்டில் வந்தது. 1953இல் ‘தேவதாஸ்’ தமிழிலும் தெலுங்கிலும் வெளியானது. நாகேஸ்வர ராவ் பார்வதியின் வீட்டு வாசலில் வந்து செத்துப்போனார். நம் ஊரில் தாடி வளர்த்த ஒவ்வொரு இளைஞனுக்கும் ‘என்னடா, தேவதாஸா?’ என்ற கேள்வி அன்று தொடங்கியது. சாவித்திரி நடித்த பார்வதியை நினைத்துப் பாருங்கள். வயதில் மிக மூத்தவருக்கு இரண்டாம் தாரமாகப் போகிறாள். வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாயாகிறாள், பெரிய வீட்டை நிர்வாகம் செய்கிறாள். இருவருக்கும் ஒரே காதல், ஒரே முறிவு. ஒருவர் குடித்தார், ஒருவர் குடும்பம் நடத்தினார். படத்தின் பெயர் தேவதாஸ். பார்வதி என்று ஒரு படம் வரவில்லை.

அடுத்து ஸ்ரீதர். வீனஸ் பிக்சர்ஸுக்காக 1959இல் அவர் முதன்முதலாக இயக்கிய ‘கல்யாண பரிசு’. அக்கா தான் விரும்பும் அதே மனிதனை விரும்புகிறாள் என்று தெரிந்ததும் வசந்தி விலகுகிறாள். கடைசியில் அவளுக்கு வேறொருவரோடு கல்யாணம் நடக்கிறது. அக்காவைக் கட்டிக்கொண்ட பாஸ்கர் வந்து தன் குழந்தையை அவள் கையில் கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டு நடந்துபோகிறார். தியேட்டரே ஜெமினி கணேசன் போகும் திசையைப் பார்த்து அழுதது. ஒரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது. அன்று இரவு அந்தக் குழந்தைக்குப் பால் காய்ச்சியது யார்? தியாகம் செய்தவர் நடந்துபோய்விட்டார். தியாகத்தின் மறுநாள் வேலை முழுவதும் வசந்தியின் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

1962இல் அதே ஸ்ரீதர் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ எடுத்தார். பெரும்பாலும் ஒரே மருத்துவமனை அரங்கு. ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் முடித்த படம். அதன் கேமரா வேலைக்காக வின்சென்டை இன்றும் பேசுகிறோம். புற்றுநோய்க்காரக் கணவனை மனைவி கூட்டிவருகிறாள். வைத்தியம் பார்க்கும் டாக்டர் அவளுடைய பழைய காதலர். நான் செத்தால் நீ அவரைக் கட்டிக்கொள் என்கிறார் கணவன். அவரைப் பிழைக்க வைத்துவிட்டு, ராப்பகலாக உழைத்த களைப்பில் இறந்துபோகிறார் டாக்டர். கணவருக்கு ஒரு பெருந்தன்மை, டாக்டருக்கு ஒரு பெருந்தன்மை. நடுவில் தேவிகா, இரண்டு பேருடைய பெருந்தன்மையையும் தாங்கிக்கொண்டு நிற்கிறார். தன் மனத்தை அவர் வாய்விட்டுச் சொல்லும் காட்சிகள் இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் கதையின் முடிச்சை அவிழ்ப்பது அவர் முடிவு இல்லை, டாக்டரின் சாவு. இந்தியிலும் ஸ்ரீதரே 1963இல் ‘தில் ஏக் மந்திர்’ என்று எடுத்தார். அங்கேயும் டாக்டர் பிழைக்கவில்லை. (சிரிப்பு)

1986க்கு வருவோம். ஆகஸ்ட் 15, ‘மௌன ராகம்’. மணிரத்னம் முதலில் எழுதிய கதையில் கார்த்திக் நடித்த மனோகர் பாத்திரமே கிடையாது. கல்யாணத்தில் விருப்பமில்லாத ஒரு பெண், முன்பின் தெரியாத ஒருவனோடு ஒரு வீட்டுக்குள் போய்ச் சேருகிறாள் என்பதுதான் கதை. மனோகர் பிறகு சேர்க்கப்பட்டார். ஒரு பெண் ‘வேண்டாம்’ என்று சொல்ல, செத்துப்போன ஒரு காதலன் காரணமாக வேண்டியிருந்தது பாருங்கள். வெறும் வேண்டாம் போதவில்லை.

அப்படிச் சேர்க்கப்பட்ட பகுதிதான் பலருக்கு மனப்பாடம் என்பது வேறு விஷயம். எனக்குப் படத்தில் முக்கியமானது அதற்குப் பிறகு வரும் டில்லி வீடு. என்ன பரிசு வேண்டும் என்று கேட்கும் கணவனிடம் விவாகரத்து வேண்டும் என்கிறாள் திவ்யா. வக்கீலிடம் போகிறார்கள். ஒரு வருஷம் பொறுக்கச் சொல்கிறார் வக்கீல். கதைக்காகக் கண்டுபிடித்த நிபந்தனை இல்லை இது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, சில விதிவிலக்குகள் தவிர, கல்யாணமாகி ஓராண்டு முடியாமல் விவாகரத்து மனு போட விடுவதில்லை. அந்த ஓராண்டைத்தான் மணிரத்னம் படமாக எடுத்தார். சட்டம் ‘காத்திரு’ என்று சொன்ன இடத்தில் ஒரு பெண்ணின் மனம் தன் வேகத்தில் நகர்வதைக் காட்ட அவருக்கு இடம் கிடைத்தது. அடிபட்டுப் படுத்த கணவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டே நகர்கிறது அது. மனோகரை அவள் மறந்ததாகப் படம் எங்கும் சொல்லவில்லை. மனோகருக்குப் பிறகும் தனக்கு ஒரு வாழ்க்கை மிச்சமிருப்பதை அவள் ஒப்புக்கொள்கிறாள், அவ்வளவுதான். தமிழில் முறிவைக் கடக்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த படம் இது. அந்த ஒருவர் பெண் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்து வருஷம் கழித்து, 1996இல், ‘பூவே உனக்காக’. விஜய் தான் நேசிக்கும் பெண்ணை அவள் காதலனோடு சேர்த்து வைத்துவிட்டு, தன்னை விரும்பி வரும் பெண்ணையும் மறுத்துவிட்டுத் தனியாகப் போய்விடுகிறார். நினைவிருக்கட்டும், ‘96’ படத்தின் ராமும் ஜானுவும் இந்த வருஷத்து வகுப்புதான். அந்த வகுப்புப் பையன்களுக்கு உயர்ந்த காதல் என்றால் இதுதான் பாடம்: தனியாக நடந்து போ.

2004இல் ஒரு அழகான தற்செயல். பிப்ரவரியில் சேரனின் ‘ஆட்டோகிராப்’ வந்தது. மார்ச் மாதம் அமெரிக்காவில் மிஷல் காந்த்ரியின் ‘இடர்னல் சன்ஷைன் ஆஃப் தி ஸ்பாட்லெஸ் மைண்ட்’ வந்தது. இரண்டும் பழைய காதலை என்ன செய்வது என்ற ஒரே கேள்வியைக் கேட்டன. அமெரிக்கப் படத்தில் ஒரு கிளினிக் இருக்கிறது. காசு கொடுத்தால் காதலியின் நினைவை மூளையிலிருந்து துடைத்து எடுத்துவிடுவார்கள். துடைக்கத் துடைக்க, துடைக்காதே என்று நாயகன் உள்ளே இருந்து கதறுகிறான். நம் ‘ஆட்டோகிராப்’ செந்தில் என்ன செய்தார்? தன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு பழைய காதலிகளின் வீட்டுக்குப் போனார். அவர்கள் மறப்பதற்கு மிஷின் தேடினார்கள், நாம் மஞ்சள் தடவிய பத்திரிகையோடு நேரில் போய் ‘குடும்பத்தோட வந்துடுங்க’ என்று சொன்னோம். (சிரிப்பு) ஆரோக்கியமான வழி என்றே நினைக்கிறேன். ஒளித்துவைக்காத நினைவு அவ்வளவாக அழுகுவதில்லை.

ஆனாலும் அந்த அழகான படத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். செந்திலின் மணப்பெண் தேன்மொழி தன் கல்யாணப் பத்திரிகையோடு மூன்று பழைய காதலர்களைத் தேடிப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2004இல் அந்தப் படத்தை எத்தனை பேர் குடும்பத்தோடு போய்ப் பார்த்திருப்போம்? ‘ஆட்டோகிராப்’ பார்த்து அழுத அதே அப்பாக்கள்தான், மகளுடைய போனில் ஒரு பழைய நம்பரைப் பார்த்தால் வீட்டை இரண்டாக்கிவிடுவார்கள்.

சாட்சிகள் போதும். படத்துக்கு வருகிறேன்.

‘96’ஐ இயக்கியவர் சி. பிரேம்குமார். அதற்கு முன் ஒளிப்பதிவாளர். 2012இல் அவர் ஒளிப்பதிவு செய்த ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கல்யாண வரவேற்புக்கு முன்னால் கிரிக்கெட் விளையாடப் போன மாப்பிள்ளை தலையில் அடிபட்டு அண்மைக்கால நினைவை இழக்கிறான். கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணையே அடையாளம் தெரியவில்லை. அந்தக் கதை பிரேம்குமாருக்கே நடந்ததை வைத்து எழுதப்பட்டது. யோசித்துப் பாருங்கள். நினைவு இல்லாமல்போனால் காதலே நகைச்சுவையாகிவிடும் என்பதை வாழ்ந்து பார்த்த ஒரு மனிதர், ஆறு வருஷம் கழித்து, ஒன்றையும் மறக்காத ஒருவனைப் பற்றிப் படம் எடுக்கிறார். இரண்டிலும் விஜய் சேதுபதி இருக்கிறார் என்பது கூடுதல் செய்தி.

கதை உங்களுக்குத் தெரியும், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர்ப் பள்ளி. ராமச்சந்திரன், ஜானகிதேவி. சொல்லாத காதல். அப்பாவின் கடனால் குடும்பம் இரவோடு இரவாகச் சென்னைக்கு வந்துவிட, பையன் சொல்லாமலே மறைந்துவிடுகிறான். இருபத்திரண்டு வருஷம் கழித்துச் சென்னையில் பழைய மாணவர் சந்திப்பு. அவள் சிங்கப்பூரிலிருந்து வருகிறாள், கணவனும் மகளும் இருக்கிறார்கள். அவன் ஊர்சுற்றும் புகைப்படக்காரன், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு ராத்திரி முழுக்க நடக்கிறார்கள், காரில் போகிறார்கள், மெட்ரோவில் போகிறார்கள், பேசுகிறார்கள். விடிந்ததும் அவளுக்கு விமானம்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். அந்த ராத்திரியில் யார் என்ன செய்கிறார்கள்? சந்திப்பில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவன் எங்கே என்று தேடிப் போவது ஜானு. கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்பது ஜானு. ராமின் மாணவர்கள் காபிக் கடையில் வந்து சேர்ந்து, நீங்கள் இரண்டு பேரும் எப்படிச் சேர்ந்தீர்கள் என்று கேட்கிறார்கள். ராம் நெளிகிறான். நடக்காத ஒரு கதையை நடந்ததுபோல அவர்களுக்குச் சொல்வது ஜானு. அவன் கல்லூரிக்குத் தேடி வந்தானாம், அவள் ஓடி வந்து பார்த்தாளாம். அந்தக் காட்சியைப் பலரும் ஏக்கம் என்று பார்த்தார்கள். எனக்கு அது துணிச்சல். நடந்திருக்க வேண்டியதை ஒருமுறை முழுசாக வாயால் சொல்லிப் பார்த்து, அதற்கு ஒரு முடிவு கொடுத்து, மேசையில் வைத்துவிட்டு எழுந்திருக்கிறாள்.

உண்மையில் நடந்தது வேறு. அவன் கல்லூரிக்கு வந்தான். உள்ளே ஆள் அனுப்பினான். வந்திருப்பது தன்னைத் தொல்லை செய்யும் வேறு யாரோ என்று நினைத்து, பார்க்க முடியாது என்று அவள் சொல்லி அனுப்பிவிட்டாள். அவள் தன்னை வெறுத்துவிட்டாள் என்று அவன் இருபது வருஷம் நம்பினான். சொல்லாமல் போனவன் தன்னைத் தேடவே இல்லை என்று அவள் நம்பினாள். கல்யாண நாளிலும் அவன் தூரத்தில் வந்து நின்றிருக்கிறான், அவளும் எங்காவது நிற்கிறானா என்று தேடியிருக்கிறாள். இத்தனையும் அந்த ராத்திரிதான் வெளியே வருகிறது, அவள் கேட்கக் கேட்க வருகிறது. காதல் முறிவில் பாதி வலி பிரிவால் வருகிறது. மீதிப் பாதி, ஏன் பிரிந்தோம் என்று தெரியாததால் வருகிறது. இந்த இரண்டாவது பாதியை எடுத்துப்போட ஒருவர் வாய் திறந்து கேட்க வேண்டும். ஜானு கேட்டாள். கேட்டபோது கிடைத்த பதில் அவளையே குற்றவாளியாக்கியது. அப்போதும் அவள் நிறுத்தவில்லை.

பள்ளியில் ராம் கேட்டுக் கேட்டும் அவள் பாடாமல் வைத்திருந்த பாட்டு ஒன்று உண்டு. ‘தளபதி’ படத்தில் ராதை கண்ணனுக்காகக் காத்திருக்கும் அந்தச் சின்னப் பாட்டு. கரண்ட் போன இருட்டில் அவன் வீட்டில் அதைப் பாடிவிடுகிறாள். அவன் விளக்கைத் தேடி அரக்கப்பரக்க ஓடிவருகிறான். கடனை அடைத்தாகிவிட்டது. இனி அவளிடம் பாக்கியில்லை.

விடிந்தது. விமான நிலையம். அவள் போய்விடுகிறாள். அவன் வீட்டுக்கு வந்து என்ன செய்கிறான்? பள்ளிக் காலத்துச் சின்னச் சின்னப் பொருள்களை அவன் ஒரு பெட்டியில் சேர்த்து வைத்திருப்பதை முன்பே பார்த்திருக்கிறோம். அந்தப் பெட்டியைத் திறக்கிறான். மழையில் நனைந்து அவள் மாற்றிவிட்டுப் போன உடையை மடிக்கிறான். உள்ளே வைக்கிறான். மூடுகிறான். படம் முடிந்தது. தியேட்டரில் விசும்பல். கோவிந்த் வசந்தாவின் இசை வேறு, நம்மை லேசில் எழுந்திருக்க விடுவதில்லை.

சிலர் அந்த மூடலை விடுதலை என்று வாசிக்கிறார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. நேற்றுவரை பெட்டியில் இருந்ததைவிட இன்று ஒரு பொருள் கூடியிருக்கிறது. ராம் நல்லவன், கண்ணியமானவன், அவள் மீது ஒரு விரல் தவறாகப் படாமல் அந்த ராத்திரியைக் கடத்தியவன். அதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் அவன் நகரவில்லை. நகர்ந்தது அவள். முழு உண்மையையும் தெரிந்துகொண்டு, அழுது தீர்த்து, பாட வேண்டியதைப் பாடிவிட்டு, மகள் காத்திருக்கும் ஊருக்கு டிக்கெட் எடுத்துப் போனவள் அவள். நாம் ராமுக்குக் கைதட்டினோம். ஆண் தனியாக நிற்பது நமக்கு இரண்டாயிரம் வருஷமாக அழகாகத் தெரிகிறது.

இதே ஊர் இதற்கு வேறொரு கதையும் வைத்திருக்கிறது. கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் நாளன்று காலையில் நடக்கும் வைபவம் பார்த்திருப்பீர்கள். மயிலாப்பூர் வணிகர் சிவநேசர். மகள் பூம்பாவை. அவளைத் திருஞானசம்பந்தருக்குத்தான் கொடுப்பது என்று அவர் மனத்தில் முடிவு செய்திருந்தார். பூப்பறிக்கப் போன இடத்தில் பாம்பு தீண்டி அவள் இறந்துபோனாள். தகனம் செய்த சாம்பலையும் எலும்பையும் ஒரு குடத்தில் போட்டு, அவள் இருந்த கன்னிமாடத்திலேயே வைத்து, பட்டும் படுக்கையுமாக அலங்கரித்து, அன்றாடம் உபசாரம் செய்துகொண்டிருந்தார் அப்பா. ராமுக்கு முன்னோடி இந்த மயிலாப்பூர்க்காரர்தான்.

சம்பந்தர் வந்தார், குடத்தின் முன் பாடினார். அந்தப் பதிகத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள், அவர் என்ன பாடுகிறார் என்று. அவள் எவ்வளவு அழகாக இருந்தாள் என்று பாடவில்லை. அவளை இழந்த துயரத்தைப் பாடவில்லை. மயிலாப்பூரின் திருவிழாக்களை வரிசையாகச் சொல்கிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். இதையெல்லாம் பார்க்காமலா போகிறாய் என்று கேட்கிறார். செத்த பெண்ணிடம் ஊர்த் திருவிழாவின் நாள்காட்டியை வாசிக்கிறார். அவள் எழுந்து வருகிறாள். இது நடந்ததா என்று என்னிடம் கேட்காதீர்கள். துக்கத்தில் கிடக்கும் ஒருவரை எழுப்ப எதைச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பாட்டு தெரிந்துவைத்திருக்கிறது, அதுதான் எனக்கு வேண்டியது. வரப்போகும் மாதங்களைச் சொல்ல வேண்டும்.

பெரியபுராணம் கதையை அங்கே முடிக்கவில்லை. மகளை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சிவநேசர் கேட்க, உயிர் கொடுத்ததால் இவள் எனக்கு மகள் முறை என்று சம்பந்தர் மறுத்துவிடுகிறார். எழுந்து வந்த பெண்ணுக்குக் கல்யாணமும் இல்லை. மறுபடி கன்னிமாடம். குடத்திலிருந்து வெளியே வந்தவள் மாடத்துக்குள் இருந்து காலத்தைக் கழித்துச் சிவபதம் சேர்ந்தாள். கொடுக்க நினைத்தவர் ஒருவர், அவளைக் காப்பாற்றியவரும் வேண்டாம் என்றவரும் இன்னொருவர். அவளை யாரும் கேட்கவில்லை. பார்வதி, வசந்தி, தேவிகா என்று நான் சொல்லிவந்த வரிசையின் முதல் பெயர் பூம்பாவை.

இங்கே ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் காதல் முறிவு என்று நாம் பாட்டுப் பாடுவதில் கணிசமான பங்கு மனம் முறிந்ததால் வந்ததே இல்லை, சாதி முறித்தது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கூட இருந்த மனைவி கௌசல்யா பலத்த காயத்தோடு பிழைத்தார். பெற்ற குடும்பத்துக்கு எதிராக வழக்கில் உறுதியாக நின்றார். 2018 டிசம்பரில் அவர் மறுமணம் செய்துகொண்டார். ‘96’ வெளியாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சமூக ஊடகங்களில் வாழ்த்து வந்தது, வசவும் வந்தது. அதற்குள் மறந்துவிட்டாயா என்று கேட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த கற்பனை மனிதனுக்குக் கண்ணீர் விட்ட அதே பருவத்தில், வெட்டுப்பட்டு எழுந்து வந்த ஒரு உண்மையான பெண்ணிடம் கணக்குக் கேட்டோம். நகராத ஆண் காவியம், நகர்ந்த பெண் குற்றவாளி. இந்தத் தராசை நான் ரசனை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்படியானால் ஆண்களின் வலி பொய்யா என்று தம்பிகள் கேட்கலாம். இல்லை. 2011இல் காதலில் தோற்ற பையன்களுக்குத் தனுஷ் ‘சூப் பாய்ஸ்’ என்று ஒரு பெயர் வைத்ததும் நாடே சேர்ந்து பாடியதே, வலியை இப்படிக் கேலியாக்கினால்தான் ஆண் பிள்ளைகளுக்குப் பேச வழி கிடைக்கிறது. ஒன்று தாடி, இல்லையென்றால் கேலி. நடுவில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேச நாம் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. பெண்களுக்கு அழ அனுமதி கொடுத்தோம், நிற்க நேரம் கொடுக்கவில்லை. ஆண்களுக்கு நிற்க நேரம் கொடுத்தோம், பேச வாய் கொடுக்கவில்லை. ராம் பெட்டியோடு உறைந்துபோனதில் நமக்கும் பங்கு உண்டு.

பேசவும் கேட்கவும் ஓர் இடத்தைச் சொல்ல, மறுபடி 1986ஐத் தொடுகிறேன். அந்த வருஷம் ஏப்ரலில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் இந்தச் சென்னையில் ‘சினேகா’ என்ற தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கினார். இங்கிருந்து ஆட்டோவில் சில நிமிடத் தூரம், ராஜா அண்ணாமலைபுரம். தேசியக் குற்றப் பதிவேடுகள் அலுவலகம் தற்கொலைக்கான காரணங்களை வகைபிரிக்கும்போது காதல் விவகாரம் என்று தனியாகவே ஒரு தலைப்பு வைத்திருக்கிறது என்பதை நாம் அறிவோம். சினேகாவில் போனை எடுப்பவர்கள் தன்னார்வலர்கள். அவர்கள் புத்திமதி சொல்வதில்லை. கேட்கிறார்கள். அதே 1986இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களை நாள் ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம், நான்கு நாள், தங்களை மிகவும் வருத்திய அனுபவத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதியவுடன் மனம் இன்னும் கனத்தது. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போவது குறைந்தது. உள்ளே இருப்பதைச் சொற்களாக்கும்போது முதலில் வலிக்கிறது, பிறகு இறங்குகிறது. காபிக் கடையில் ஜானு செய்தது இதைத்தான்.

நான் சொல்லிக்கொண்டு வந்ததை ஒன்றாகக் கட்டிவிடுகிறேன். நினைவை அழிக்க வேண்டியதில்லை, அழிக்கவும் முடியாது. நடந்தது என்ன என்று உள்ளபடி தெரிய வேண்டும். அதை ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்பவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அடுத்த தேதி என்று ஒன்று இருக்க வேண்டும், அது தைப்பூசமாக இருந்தாலும் சரி, சிங்கப்பூர் விமானமாக இருந்தாலும் சரி. பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்குக் காதல் முறிந்தால் மறுமாதமே மண்டபம் பார்க்காதீர்கள். சட்டமே ஓராண்டு பொறுக்கச் சொல்கிறது, நீங்கள் ஆறு மாதம் பொறுங்கள். ஒரு சாயங்காலம் மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போங்கள், சுண்டல் வாங்கிக் கொடுங்கள், என்ன நடந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். நம் பெற்றோருக்கு அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். (சிரிப்பு)

‘96’ மீது எனக்குள்ள ஒரே குறை, ஜானுவின் கணவருக்குப் படத்தில் முகம் இல்லை. அவளுடைய வீடு தெரியாது, வேலை தெரியாது, மகளோடு அவள் எப்படிப் பேசுவாள் என்று தெரியாது. ராமின் பெட்டிக்குள் இருப்பதை எல்லாம் நமக்குக் காட்டிய கேமரா அவளோடு விமானம் ஏறவில்லை. இந்த அரங்கில் உதவி இயக்குநர்கள் சிலர் இருக்கிறீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, மதியம் சாப்பிடவில்லை. (சிரிப்பு) உங்களுக்கு ஒரு கதை தருகிறேன், சம்பளம் வேண்டாம். ஜானு சாங்கி விமான நிலையத்தில் இறங்குகிறாள். அங்கிருந்து தொடங்குங்கள். அன்று இரவு அவள் கணவனிடம் எவ்வளவு சொல்கிறாள், எதைச் சொல்லாமல் விடுகிறாள், அடுத்த திங்கட்கிழமை என்ன செய்கிறாள், மகளுக்குப் பதினாறு வயதாகி ஒரு நாள் கண் சிவந்து வந்து நிற்கும்போது அவள் என்ன கேட்கிறாள், என்ன கேட்காமல் இருக்கிறாள் என்று எழுதுங்கள். அவளைத் தியாகி ஆக்காதீர்கள், துரோகியும் ஆக்காதீர்கள். ஒரு ராத்திரியை நேராகப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய பெண்ணாகக் காட்டினால் போதும். எடுத்து முடித்ததும் சொல்லியனுப்புங்கள், டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார்க்கிறோம். இந்த முறை சரியான ஆளுக்குக் கைதட்டுகிறோம்.